பிறை புத்தகத்தில் நிற்கிறது, நம் வானத்தில் கிடக்கிறது: 7, 8ஆம் தரத்துக்குப் புவியும் வானமும் எப்படிக் கற்பிக்கிறீர்கள்?

உப்புவெளி ரீச்சர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். திருகோணமலையில் கடற்கரைக்குக் கிட்ட உள்ள ஒரு பாடசாலையில் 7, 8ஆம் தரங்களுக்கு விஞ்ஞானம் எடுக்கிறேன். போன கிழமை வகுப்பில் நடந்த ஒன்று மனதை விட்டுப் போகவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

மூன்றாம் பிறைக்கு மறுநாள். "நேற்று மாலை நிலாப் பார்த்தவர்கள் யார்?" என்று கேட்டேன். பாதிக்கு மேல் கை தூக்கினார்கள். "சரி, பார்த்தபடியே கொப்பியில் வரையுங்கள்" என்றேன். ஏறக்குறைய எல்லோரும் அடைப்புக்குறி மாதிரி நிமிர்ந்து நிற்கிற பிறையைத்தான் வரைந்தார்கள். ஒரே ஒரு பெண்பிள்ளை, இரண்டு நுனியும் மேலே பார்க்க, வள்ளம் மாதிரிக் கிடக்கிற பிறையை வரைந்திருந்தாள். பிறகு பக்கத்துப் பிள்ளையின் கொப்பியை எட்டிப் பார்த்துவிட்டு, அதை அழித்து நிமிர்ந்த பிறையாக்கிவிட்டாள். நான் கிட்டப் போனபோது அழித்த தடம் தாளில் இருந்தது.

முதல் நாள் மாலை மேற்கே தெரிந்த பிறை வள்ளம் மாதிரித்தான் கிடந்தது. நானும் பார்த்தேன். சரியாக வரைந்தவள் அவள் ஒருத்திதான்.

பதினொரு வருடமாக இந்தப் பாடத்தை எடுக்கிறேன். இத்தனை வருடமும் நானும் கரும்பலகையில் நிமிர்ந்த பிறையைத்தான் வரைந்து வந்திருக்கிறேன். அந்தப் பிள்ளையை அழிக்க வைத்ததில் என் வெண்கட்டிக்கும் பங்கு உண்டு என்று நினைக்கும்போது கவலையாக இருக்கிறது.

பருவகாலப் பாடமும் இப்படித்தான். இலையுதிர் காலம், பனிக்காலம் என்று மனப்பாடம் செய்கிறார்கள். வெளியே போனால் கச்சான் காற்று முகத்தில் அடிக்கிறது, அதைப் பற்றிக் கேட்டால் பாடத்தில் இல்லாத விஷயம் மாதிரிப் பார்க்கிறார்கள். அடுத்த தவணையில் புவிநடுக்கமும் சுனாமியும் வருகின்றன. அதை நினைத்தால் இன்னும் பயம். நீங்கள் எல்லாம் எப்படிச் செய்கிறீர்கள்?


கிண்ணியா சேர் எழுதியது:

ரீச்சர், நான் புவியியல் ஆசிரியர். பிறை விஷயத்தில் எங்கள் பிள்ளைகள் கொஞ்சம் கொடுத்து வைத்தவர்கள். நோன்புப் பிறையும் பெருநாள் பிறையும் பார்க்க வாப்பாவோடு கடற்கரைக்குப் போய்ப் பழக்கம். ஆனால் நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டு என் மகனிடம் வரையச் சொன்னேன். அவனும் நிமிர்த்தித்தான் வரைந்தான்! பள்ளிவாசல் உச்சியில் உள்ள பிறையை வரைந்தானாம். பிறை பார்க்கும்போது எப்படி இருந்தது என்று கேட்ட பிறகுதான் தாளைத் திருப்பிப் பிடித்தான்.

பருவகாலத்துக்கு நான் செய்வதைச் சொல்கிறேன். புத்தகத்தைத் திறக்கும் முன் வீட்டில் போய் மூன்று கேள்வி கேட்டு வரச் சொல்வேன். வாடைக்காற்று எப்போது வரும்? கச்சான் எப்போது அடிக்கும்? கடல் எந்த மாதத்தில் தொழிலுக்குச் சரிவராது? மறுநாள் வகுப்பில் ஒரே சத்தம், ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கதை. அதற்குப் பிறகு வரைபடத்தை விரித்தால் தென்மேற்பருவக்காற்றும் வடகீழ்ப் பருவக்காற்றும் அவர்களுக்குத் தெரிந்த ஆட்களாகிவிடும். மே முதல் செப்ரெம்பர் வரை தென்மேற்கிலிருந்து வரும் காற்று மழையை மலைநாட்டின் அந்தப் பக்கமே கொட்டிவிட்டு, வறண்டு, சூடாகி நம் பக்கம் இறங்குகிறது. அதுதான் கச்சான். நமக்கு மழை ஒக்ரோபர் பிற்பகுதியில் தொடங்கி நவம்பர், டிசம்பரில் கொட்டும். ஒரே தீவு, ஒரே மாதம், இரத்தினபுரியில் வெள்ளம், இங்கே புழுதி. இதைவிட நல்ல பருவகாலப் பாடம் எந்த நாட்டுப் பிள்ளைக்கும் கிடைக்காது.


வள்ளக்காரன் மூதூர் எழுதியது:

நான் ஆசிரியர் இல்லை, தொழிலுக்குப் போகிறவன். என் மகள் 8ஆம் தரம். சேர் கேட்கச் சொல்லுகிற கேள்விக்கு எங்கள் வீட்டில் பதில் இருக்கிறது. சோழகம், அதாவது தென்மேற்குக் காற்று தொடங்கினால் நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து ஆட்கள் இந்தக் கரைக்கு வந்து வாடி (தங்கித் தொழில் செய்கிற கொட்டில்) போடுவார்கள், அங்கே அப்போது கடல் கொந்தளிப்பு. வாடை, அதாவது வடகீழ்க் காற்று தொடங்கினால் இங்கே கொந்தளிப்பு, அவர்கள் திரும்பிப் போவார்கள். நிலாக் காலத்தில் விளக்கு வைத்துப் பிடிக்கிற தொழில் சரிவராது, அதனால் எந்த நாளில் நிலா எத்தனை மணிக்கு எழும்பும் என்று எங்களுக்கு மனக்கணக்கு. ஒரு நாளைக்கு முக்கால் மணி, ஐம்பது நிமிடம் பிந்தும்.

இதை ஒருநாளும் எந்தப் பாடசாலையும் எங்களிடம் கேட்டதில்லை. கேட்டால் வந்து சொல்லுவோம்.


உப்புவெளி ரீச்சர் எழுதியது:

அண்ணா, கட்டாயம் கேட்போம். நீங்கள் சொன்ன அந்த ஐம்பது நிமிடத்தைப் புத்தகத்தில் இருந்து சொல்லிக்கொடுக்க எனக்கு ஒரு பாடவேளை முழுவதும் போகிறது.


ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர் எழுதியது:

மகள், ஆர்வத்தைப் பாராட்டுகிறேன். ஆனால் 32 வருடம் வகுப்பில் நின்றவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். பாடவேளை நாற்பது நிமிடம். பரீட்சையில் பிறையைப் படம் போட்டுக் கேட்டால் புத்தகத்தில் உள்ள மாதிரித்தான் கேட்பார்கள். வள்ளம் மாதிரி வரைந்த பிள்ளைக்கு யார் புள்ளி கொடுப்பது? வசதி உள்ள வீட்டுப் பிள்ளைக்கு ரியூஷன் இருக்கிறது. நம்மிடம் வருகிற பிள்ளைக்கு வகுப்பறை ஒன்றுதான். அதன் புள்ளியை வைத்து நாம் பரிசோதனை செய்யக் கூடாது.


பேராதனை மாணவி எழுதியது:

சேர் சொல்வது நியாயமான கவலை. ஆனால் இரண்டுக்கும் இடம் இருக்கிறது என்று நினைக்கிறேன். நான் பேராதனையில் புவிச்சரிதவியல் படிக்கிறேன், ஊர் திருகோணமலை.

பிறையின் ஒளிரும் பக்கம் எப்போதும் சூரியன் இருக்கும் திசையைப் பார்க்கும். திருகோணமலை வட அகலக்கோடு 8.6 பாகையில், மத்திய கோட்டுக்குக் கிட்ட இருக்கிறது. இங்கே சூரியன் ஏறக்குறைய நெட்டுக்குத்தாகக் கடலில் இருந்து எழும்பி, நெட்டுக்குத்தாகவே மேற்கே இறங்குகிறது. நிலவும் அதே பாதையை ஒட்டித்தான் போகிறது. அதனால் மாலைப் பிறைக்குச் சூரியன் நேர் கீழே இருக்கும். ஒளி கீழ்ப்பக்கத்தில் விழும், பிறை வள்ளமாகக் கிடக்கும். இலண்டன் 51 பாகைக்கு மேல். அங்கே சூரியன் சரிந்து இறங்குகிறது, பிறைக்குப் பக்கவாட்டில் இருக்கிறது, பிறை நிமிர்ந்து நிற்கிறது. நம் புத்தகங்களில் உள்ள படம் அந்த வானத்துப் படம். அவுஸ்திரேலியாவின் தெற்கில் நின்று பார்த்தால் அதே பிறை மற்றப் பக்கம் பார்க்கும்.

நம் வள்ளமும் எப்போதும் ஒரே மாதிரிக் கிடக்காது. தை மாதத்தில் ஏறக்குறைய மட்டமாக, புரட்டாதியில் நன்றாக ஒரு பக்கம் சாய்ந்து. ஒரு வருடம் பிள்ளைகள் மாதம் ஒரு பிறை வரைந்தால் சாய்வு மாறுவது தெரியும்.

பரீட்சைக்கு: புத்தகப் படத்தின் கீழே "வடக்கே தூரத்தில் இருந்து பார்க்கும்போது" என்று ஒரு வரி எழுத வையுங்கள், பக்கத்தில் "திருகோணமலையில் இருந்து" என்று இன்னொரு படம். இரண்டையும் வரையத் தெரிந்த பிள்ளை எந்தக் கேள்விக்கும் பதில் எழுதும். புவி உருண்டை என்பதற்கு இதைவிடக் கண்முன்னே தெரிகிற சான்றும் குறைவு.


ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர் எழுதியது:

இது நல்ல வழி. கீழே ஒரு வரி எழுதுவதற்கு நேரம் போகாது. ஏற்றுக்கொள்கிறேன்.

அப்படியானால் இன்னொன்றும் சேருங்கள். பிறை ஏன் வருகிறது என்று கேட்டால் பூமியின் நிழல் விழுவதால் என்று பெரியவர்களே சொல்வார்கள். அதை உடைக்க நான் செய்தது இதுதான். போயா (முழுநிலா நாள்) கழிந்து ஆறு, ஏழு நாளில் காலைக் கூட்டம் நடக்கும்போது நிலா இன்னும் மேற்கு வானத்தில் இருக்கும், அரை நிலா. ஒரு தேசிக்காயை ஈர்க்கில் குத்தி, கையை நீட்டி நிலாவுக்குப் பக்கத்தில் பிடிக்கச் சொல்லுங்கள். வெயில் தேசிக்காயில் விழும் விதமும் நிலாவில் விழும் விதமும் அச்சு அசலாக ஒன்றாக இருக்கும். பூமியின் நிழல் அங்கே எங்கேயும் இல்லை, எல்லோரும் பட்டப்பகலில் வெயிலில் நிற்கிறோம். ஐந்து நிமிடம் போதும். சூரியனை நிமிர்ந்து பார்க்கக் கூடாது என்பதை மட்டும் முதலில் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.


கிண்ணியா சேர் எழுதியது:

சேர், அருமை. போயா என்றால் பாடசாலை விடுமுறை என்று மட்டும் தெரிந்த பிள்ளைகளுக்கு அது முழுநிலா நாள் என்று இந்த வழியில் மறக்காது. நிழல் விழுவது கிரகணத்தில், அதுவும் போயா நாளில்தான். நிலவின் பாதை 5 பாகை சாய்ந்திருப்பதால் எல்லாப் போயாவிலும் அது நடப்பதில்லை. 2025 செப்ரெம்பர் 7 இரவு முழுச் சந்திர கிரகணம் இங்கேயே தெரிந்தது, பதினொரு மணி தொடக்கம் நிலா செம்பு நிறமாகிவிட்டது. அதைப் பார்த்த பிள்ளைகள் உங்கள் வகுப்பிலும் இருப்பார்கள்.

ஞாயிற்றுத் தொகுதியின் தூரங்களுக்கு எங்களிடம் ஒரு கருவி இருக்கிறது: கிண்ணியாப் பாலம், 396 மீற்றர். 1,000 கோடியில் ஒரு பங்காகச் சுருக்கினால் சூரியன் 14 சென்ரிமீற்றர், பெரிய உரித்த தேங்காய் ஒன்று. அதைப் பாலத்தின் ஒரு முனையில் வையுங்கள். பதினைந்து மீற்றரில் பூமி, ஒரு கடுகு. கடுகில் இருந்து நாலு சென்ரிமீற்றர் தள்ளி நிலா, ரவைத் துணிக்கை. மனிதன் போய் வந்த தூரம் அந்த நாலு சென்ரிமீற்றர்தான் என்று சொல்லும்போது பிள்ளைகள் குனிந்து பார்ப்பார்கள். வியாழன் 78 மீற்றரில், ஒரு போளை. சனி 143 மீற்றர். யுரேனஸ் 287 மீற்றரில் பாலத்தின் மேலேயே இருக்கிறது. நெப்டியூன் 450 மீற்றர், பாலம் முடிந்து இன்னும் 54 மீற்றர் நடக்க வேண்டும். வாகனம் குறைந்த விடிகாலையில், நடைபாதையில் மட்டும், இரண்டு பெரியவர்கள் கூட இருக்கச் செய்வோம்.

போன முறை ஒரு பிள்ளை கேட்டது: "சேர், அடுத்த நட்சத்திரம் எங்கே?" கணக்குப் பார்த்தேன். 4,000 கிலோமீற்றர். திருகோணமலையில் இருந்து ரியாத் அவ்வளவு தூரம். அந்தப் பிள்ளையின் வாப்பா ரியாத்தில் வேலை செய்கிறார். பிள்ளை கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "நாலாயிரம் கிலோமீற்றருக்கு இடையில் ஒன்றுமே இல்லையா சேர்?" என்று கேட்டது. எனக்கும் அந்தக் கேள்விக்குப் பிறகுதான் விண்வெளியின் வெறுமை உறைத்தது.


நிலாவெளி அம்மா எழுதியது:

எல்லாம் படித்தேன், சந்தோஷம். ஆனால் ரீச்சர் முதலில் பயம் என்று எழுதிய சுனாமியைப் பற்றி யாரும் பேசவில்லை. என் மூத்த மகன் படித்தபோது ஓர் ஆசிரியர் அந்தப் பாடத்துக்கு வீடியோ போட்டுக் காட்டினார். ஆட்கள் அடித்துக்கொண்டு போகிற வீடியோ. என் அக்காவும் அவளுடைய பிள்ளையும் அந்த அலையில் போனவர்கள். மகன் அவர்களைப் பார்த்ததே இல்லை, வீட்டுச் சுவரில் படத்தில்தான் தெரியும். அன்று இரவு வந்து, "பெரியம்மா இப்படியா போனார்?" என்று கேட்டான். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

தயவுசெய்து வீடியோ போடாதீர்கள். ஆனால் பாடத்தை விடவும் வேண்டாம். கடல் அப்படி வரும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தராததால்தான் அவ்வளவு பேர் போனார்கள்.


உப்புவெளி ரீச்சர் எழுதியது:

அம்மா, நீங்கள் இதை எழுதியதற்கு நன்றி என்று சொல்வதுகூடப் போதாது. வீடியோ போட மாட்டேன்.

நானும் அன்று இங்கே இருந்தவள்தான், அப்போது எனக்குப் பதினாறு வயது. ஒவ்வொரு வருடமும் இந்தப் பாடத்தை அவசரமாக, தலையைக் குனிந்துகொண்டு முடித்து வந்திருக்கிறேன். இந்த முறை அப்படிச் செய்யக் கூடாது. யாராவது இதை ஒழுங்காக எடுத்திருந்தால் எப்படி என்று சொல்லுங்கள்.


பேராதனை மாணவி எழுதியது:

ரீச்சர், நான் எடுத்ததில்லை. ஆனால் ஒரு பாடசாலையில் ஒருநாள் உதவிக்குப் போனேன், அங்கே செய்ததை எழுதுகிறேன். அழிவை விட்டுவிட்டு நேரத்தை எடுத்துக்கொண்டோம். 2004 டிசம்பர் 26 காலை, அப்போதைய நம் நேரப்படி 6.58க்கு சுமாத்திராவுக்கு அருகே நிலம் உடையத் தொடங்கியது. உடைவு ஏறக்குறைய 1,300 கிலோமீற்றர் நீளத்துக்கு வடக்கே நிக்கோபார், அந்தமான் பக்கம் வரை போனது. நிக்கோபாரில் இருந்து திருகோணமலை 1,350 கிலோமீற்றர் அளவு. இடையில் உள்ள கடல் 3,500 மீற்றர் ஆழம் என்று வைத்துக்கொண்டால், ஆழத்தைப் புவியீர்ப்பு ஆர்முடுகலால் பெருக்கி வர்க்கமூலம் எடுக்க அலையின் வேகம் வரும்: செக்கனுக்கு 185 மீற்றர், மணிக்கு 660 கிலோமீற்றருக்கு மேல். பிரித்தால் இரண்டு மணித்தியாலம். 8ஆம் தரப் பிள்ளைகளுக்கு வர்க்கமூலத்தை நாங்களே கொடுத்துவிட்டு வகுத்தலை மட்டும் செய்ய விட்டோம்.

இரண்டு மணித்தியாலம் என்ற விடை வந்ததும் வகுப்பு அமைதியானது. ஒரு பையன் கேட்டான்: "இரண்டு மணித்தியாலம் இருந்ததா மிஸ்?" ஆம், இருந்தது. அப்போது இந்து சமுத்திரத்தில் எச்சரிக்கை முறை இருக்கவில்லை. இப்போது இருக்கிறது. 2012 ஏப்ரல் 11ஆம் திகதி அதே பக்கத்தில் 8.6 அளவில் நடுக்கம் வந்தபோது கரையோர மக்கள் எல்லோரும் மேட்டுக்குப் போனார்கள். அந்த முறை தட்டுகள் கிடையாக உரசியதால் கடலடி பெரிதாக மேலே தூக்கப்படவில்லை, பெரிய அலை வரவில்லை. எச்சரிக்கை வீண் என்று ஊரில் சொன்னவர்கள் உண்டு. எந்த நடுக்கம் எப்படிப்பட்டது என்று முதல் நிமிடங்களில் உறுதியாகச் சொல்ல முடியாது, அதனால் போனதுதான் சரி என்று அந்த வகுப்பிலேயே பேசினோம்.

அலை கரையில் ஏன் உயர்கிறது என்பதற்குப் பிள்ளைகளையே வரிசையில் நிற்க வைத்தோம். எல்லோரும் வேகமாக நடக்க, முன்னால் போகிறவர் ஒரு கோட்டைத் தாண்டியதும் மெதுவாக வேண்டும். பின்னால் வருகிறவர்கள் நெருக்கி அடைந்துவிடுவார்கள். ஆழம் பத்து மீற்றருக்கு வரும்போது அலையின் வேகம் மணிக்கு 36 கிலோமீற்றருக்கு இறங்குகிறது. பின்னால் உள்ள நீர் இன்னும் வேகமாக வருகிறது, போக இடமில்லாமல் உயர்கிறது.

ஒன்றை மட்டும் கட்டாயம் திருத்துங்கள். "கடல் உள்வாங்கினால் ஓடு" என்று மட்டும் சொல்லிக்கொடுக்கிறோம். தாய்லாந்துப் பக்கம் முதலில் கடல் உள்வாங்கியது. நமது பக்கத்தில் முதலில் வந்தது நீர் உயர்வு, உள்வாங்கல் பல இடங்களில் அலைகளுக்கு இடையில்தான் நடந்தது. உள்வாங்கட்டும் என்று காத்திருந்தால் நேரம் போய்விடும். எச்சரிக்கை வந்தாலோ, கடல் வழக்கம் இல்லாத மாதிரி நடந்தாலோ போக வேண்டும், முதல் அலை வடிந்தாலும் திரும்பி வரக் கூடாது.


வள்ளக்காரன் மூதூர் எழுதியது:

அந்தக் கடைசி வரியைப் பெரிய எழுத்தில் எழுதி வகுப்பில் ஒட்டுங்கள். மீன் பொறுக்கவும் வலை எடுக்கவும் திரும்பிப் போனவர்களை நான் கண்டவன்.


நிலாவெளி அம்மா எழுதியது:

இப்படிக் கற்பித்தால் என் இளையவனையும் அந்த வகுப்பில் இருக்க விடுவேன். பாடத்துக்கு முதல் நாள் பெற்றோருக்கு ஒரு துண்டு எழுதி அனுப்புங்கள் ரீச்சர். வீட்டில் படம் மாட்டியிருக்கிற பிள்ளையை எங்களுக்குத்தான் தெரியும்.


உப்புவெளி ரீச்சர் எழுதியது:

அனுப்புகிறேன் அம்மா. பாடவேளைக்குப் பிறகு அவர்களோடு இருக்க நேரமும் ஒதுக்குகிறேன், கடைசிப் பாடவேளையாக வைக்காமல்.

நிலத்தைப் பற்றியும் கேட்க வேண்டும். 7ஆம் தரத்தில் ஒரு பையன், கன்னியாவில் வெந்நீர் வருவதால் கீழே எரிமலை இருக்கிறது என்றான். இன்னொருத்தி, இராவணன் தாயாருக்குக் கிரியை செய்ய வாளால் குத்திய இடம் என்றாள். இருவரும் சண்டை பிடித்தார்கள். நான் என்ன சொல்வது?


பேராதனை மாணவி எழுதியது:

எரிமலை இல்லை என்பதை உறுதியாகச் சொல்லலாம். மழை நீர் பாறை வெடிப்புகளால் ஆழமாக இறங்கிச் சூடாகி, இன்னொரு வெடிப்பால் மேலே வருகிறது. ஒரு கிலோமீற்றர் கீழே போனால் ஏறக்குறைய 25 பாகை செல்சியஸ் கூடும். கன்னியாக் கிணறுகளில் 40 பாகை அளவு இருக்கிறது, சாதாரண நிலத்தடி நீர் 27 என்று வைத்தால் 13 பாகை கூடுதல். அப்படியானால் நீர் குறைந்தது அரைக் கிலோமீற்றர் ஆழம் போய் வந்திருக்கிறது, வரும் வழியில் ஆறுவதால் உண்மையில் இன்னும் ஆழம். ஏழு கிணறும் ஒரே சூடு இல்லை. ஒரு வெப்பமானி கொண்டுபோய் ஏழையும் அளந்து பட்டியல் போடுவது 7ஆம் தரத்துக்குச் சரியான வேலை. மகாஓயா, மகாபெலஸ்ஸ என்று இப்படியான வெந்நீர் ஊற்றுகள் தீவின் கிழக்கிலும் தென்கிழக்கிலும் வரிசையாக இருக்கின்றன. வரைபடத்தில் புள்ளி வைத்தால் பிள்ளைகளே கேட்பார்கள், ஏன் எல்லாம் இந்தப் பக்கம் என்று.

கோணேசர் மலைக்கும் கூட்டிப் போங்கள். அந்தப் பாறை ஒரு காலத்தில் இருபது கிலோமீற்றருக்கும் கூடிய ஆழத்தில் வெந்து, நசிந்து, உருமாறியது. ஏறக்குறைய 55 கோடி வருடத்துக்கு முன்பு, நம் நிலம் மடகஸ்காரோடும் அந்தாட்டிக்காவோடும் ஒட்டியிருந்த காலம். மேலே இருந்ததெல்லாம் அரிந்து போய்த்தான் அது இன்று வெயில் காய்கிறது. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக் கல்லையும் இதையும் இரண்டு கையில் வைத்துப் பார்த்தால் பாறைப் பாடம் பாதி முடிந்துவிடும்.


ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர் எழுதியது:

இராவணன் கதை சொன்ன பெண்பிள்ளையை விட்டுவிடாதீர்கள். கோணேசர் மலைப் பாறையில் உள்ள ஒரு பிளவுக்கு இராவணன் வெட்டு என்று நம் முன்னோர் பெயர் வைத்தார்கள் என்றால், அந்தப் பிளவு சாதாரணமாக இல்லை என்று கவனித்திருக்கிறார்கள். வெந்நீரையும் அப்படியே கவனித்தார்கள். கதை கோயிலுக்கும் வீட்டுக்கும் உரியது, அது இருக்கட்டும். "இதைப் பார்த்தவர்களுக்கு என்ன ஆச்சரியமாக இருந்திருக்கும்?" என்று அவளிடமே கேளுங்கள். பிளவையும் சூட்டையும் அவளே சொல்லுவாள். அங்கிருந்து பாடத்தைத் தொடங்கலாம். பிள்ளையின் அம்மம்மாவை வகுப்பில் பொய்யாக்கிவிட்டு அந்தப் பிள்ளைக்கு நாம் எதையும் கற்பிக்க முடியாது.


வள்ளக்காரன் மூதூர் எழுதியது:

புல்மோட்டைக் கறுப்பு மணலையும் சேருங்கள். மகள் உடைந்த ஸ்பீக்கர் காந்தத்தை மணலில் இழுத்து விளையாடுவாள், கறுப்புத் தூள் கொஞ்சம் ஒட்டும்.


பேராதனை மாணவி எழுதியது:

ஆம் அண்ணா, உடனே ஒட்டுவது பெரும்பாலும் மக்னரைற்று என்ற இரும்புக் கனிமம். மற்றக் கறுப்புக் கனிமமான இல்மனைற்றுக்குக் காந்த ஈர்ப்பு குறைவு, பலமான காந்தம் வேண்டும். சிரட்டையில் மணலும் நீரும் போட்டு அலசினால் வெள்ளை மணல் முதலில் வழிந்து போகும், கறுப்பு கீழே தங்கும். ஒரே அளவு எடுத்தால் இல்மனைற்று வெள்ளை மணலைப் போல ஒன்றே முக்கால் மடங்கு பாரம். அலையும் கரையில் இதையேதான் செய்கிறது.


யாழ் புவியியல் எழுதியது:

இவ்வளவும் வாசித்தபோது ஒரு யோசனை. மார்ச் 20 வாக்கில் சூரியன் மத்திய கோட்டுக்கு நேர் மேலே. அன்று நண்பகல் ஒரு மீற்றர் தடியின் நிழலை நீங்களும் நாங்களும் அளந்தால் பூமியின் சுற்றளவைக் கணக்கிடலாம். 2,200 வருடத்துக்கு முன் எரதொஸ்தெனிசு என்ற கிரேக்க அறிஞர் எகிப்தில் செய்ததுதான். சேர்ந்து செய்வோமா?


பேராதனை மாணவி எழுதியது:

ஆசை எனக்கும் இருக்கிறது. ஆனால் யாழ்ப்பாணம் நமக்கு மிகக் கிட்ட. நிழல் இங்கே 15 சென்ரிமீற்றர், அங்கே 17. இந்த இரண்டு சென்ரிமீற்றரில் மூன்று மில்லிமீற்றர் பிழை வந்தாலே விடை கெட்டுவிடும். தெற்கே போக வேண்டும். என்னோடு படிக்கிற ஒரு பெண் மாத்தறை. அவள் தம்பியும் 8ஆம் தரம். கேட்டுப் பார்க்கிறேன். மாத்தறை நமக்கு 292 கிலோமீற்றர் தெற்கே என்று எடுத்துக்கொள்ளலாம், நிழல் பத்தரை சென்ரிமீற்றருக்குக் கிட்ட வரும்.

நண்பகல் என்றால் பன்னிரண்டு மணி இல்லை. அன்று திருகோணமலையில் சூரியன் உச்சிக்கு வருவது 12.13 அளவில். 12 மணியில் இருந்து அரை மணி நேரம், மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியில் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். ஆகக் குறுகியதுதான் விடை.


உப்புவெளி ரீச்சர் எழுதியது:

மூன்று கிழமை கழித்து எழுதுகிறேன்.

அளந்துவிட்டோம். தும்புத்தடிக் கம்பை ஒரு மீற்றருக்கு வெட்டி, நூலில் கல் கட்டித் தொங்கவிட்டு நிமிர்த்தி நட்டார்கள். அதிபர் முற்றத்தில் குடை பிடித்துக்கொண்டு கடைசிவரை நின்றார். எங்கள் நிழல் 15.3 சென்ரிமீற்றர். மாத்தறைத் தம்பி அனுப்பியது 10.2. நிழலின் நீளத்தில் இருந்து சூரியனின் கோணத்தை எடுத்து, இரண்டு ஊர்க் கோணங்களின் வித்தியாசத்துக்கு 292 கிலோமீற்றர் என்றால் 360 பாகைக்கு எவ்வளவு என்று பிள்ளைகள் கரும்பலகையில் கணக்குப் போட்டார்கள்: பூமியின் சுற்றளவு 36,560 கிலோமீற்றர் என்று வந்தது. புத்தகத்தில் 40,000. ஏன் குறைந்தது என்று அரை மணி நேரம் சண்டை. தடி சரிந்திருக்கும் என்றான் ஒருவன். நிழலின் நுனி கூராக இல்லை, மங்கிப் போகிறது, எங்கே முடிகிறது என்று தெரியவில்லை என்றாள் ஒருத்தி. சூரியன் புள்ளி இல்லை, அரைப் பாகை அகலமான தட்டு, அதனால் ஒரு மீற்றர் தடியின் நிழல் நுனி ஒன்பது மில்லிமீற்றர் அளவுக்கு மங்கும் என்று அன்றுதான் சொன்னேன். அதை அவர்களே கண்ட பிறகு சொன்னேன்.

நுனி மங்குகிறது என்று சொன்னவள், பிறையை அழித்த பிள்ளை. அவளுடைய கொப்பியில் இப்போது இரண்டு பிறையும் இருக்கின்றன, கீழே ஊர்ப் பெயரோடு.

மூதூர் அண்ணா வந்து நிலா எழும்பும் கணக்கைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். அன்று யாரும் மணியடித்த பிறகும் எழும்பவில்லை.


பேராதனை மாணவி எழுதியது:

36,560! பத்து வீதத்துக்கும் குறைந்த பிழை. மாத்தறைத் தம்பி தன் தடி சரியாக நின்றது என்று சத்தியம் செய்கிறானாம்.

ரீச்சர், ஏப்ரல் 11, 12 வாக்கில் சூரியன் திருகோணமலைக்கு நேர் உச்சியில் வரும், 12.06 அளவில். அன்று நம் தடிக்கு நிழலே இருக்காது. எரதொஸ்தெனிசுக்கு, சூரியன் நேர் உச்சியில் நின்ற எகிப்தின் சையீன் நகரம் மாதிரி. மாத்தறையில் நாலரை சென்ரிமீற்றர் நிழல், அதுவும் தெற்குப் பக்கம் விழும். ஒரு பக்கத்து அளவு மட்டும் போதும், பிழை பாதியாகும்.


உப்புவெளி ரீச்சர் எழுதியது:

அது புதுவருட விடுமுறைக் காலம், பாடசாலை இருக்காது. வகுப்பில் சொன்னேன். பதினேழு பேர் உப்புவெளிக் கடற்கரைக்கு வருகிறோம் என்று பெயர் கொடுத்திருக்கிறார்கள். தடியை இந்த முறை இரண்டு மீற்றராக வெட்டப் போகிறார்களாம். மாத்தறைக்கும் அதே அளவு சொல்லிவிடுங்கள்.


நிலாவெளி அம்மா எழுதியது:

பதினெட்டாகப் போடுங்கள் ரீச்சர். என் இளையவனையும் கூட்டி வருகிறேன். தண்ணீரும் மோரும் நான் கொண்டுவருகிறேன், அந்த வெயிலுக்கு வேண்டும்.